தீவுக்குப் போகிற பரவைப் பையன்கள்

மாலத்தீவில் நூறு வில்லா உள்ள ஒரு ரிசார்ட் என்றால் ஹவுஸ்கீப்பிங்குக்கு மட்டும் ஐம்பது பேராவது வேண்டும். ரூம் அட்டெண்டன்ட், பப்ளிக் ஏரியா, லாண்டரி எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். அவர்களுக்கு மேலே நான்கைந்து சூப்பர்வைசர், ஒரு அசிஸ்டன்ட், உச்சியில் ஒரே ஒரு எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பர். அவர் வேலையை விட்டால்தான் அடுத்தவருக்கு வழி. அவர் லேசில் விடமாட்டார். விட்டாலும் கம்பெனி அந்த இடத்துக்கு வேறொரு நாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து இறக்கும். ஊரில் என்றால் எதிர்த்த தெரு ஹோட்டலில் ஆள் கேட்கிறார்களா என்று டீக்கடையில் விசாரித்துவிடலாம். அங்கே எதிர்த்த தெரு என்பது முக்கால் மணி நேர ஸ்பீட்போட். மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அதிலும் ஏற்றுவார்கள்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது 1991-இல், மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக. அப்பா மில் தொழிலாளி. மகனுக்கும் மில்லில் இடம் கிடைத்துவிடும் என்று எங்கள் ஊர் பரவையில் பாதி வீடுகள் நம்பியிருந்த காலம் போய், மில்களே ஆள் குறைக்கத் தொடங்கியிருந்தன. லாட்ஜில் எனக்கு வேலை பழக்கியவர் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், மூத்த ரூம் பாய். "கதவத் தொறந்ததும் உள்ள போகாதடா தம்பி. வாசல்லயே நின்னு மொதல்ல மூக்க வேலைக்கு விடு" என்பார். பீடி நாற்றமா, ஈரத் துணியா, எலியா என்று அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். அப்புறம்தான் கண்ணுக்கு வேலை. கட்டிலுக்கு அடியில், மெத்தைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் கொக்கியில். ஐயப்பன் சீசனில் ஒரே நாளில் ஓர் அறையை இரண்டு மூன்று முறை துடைத்து மாற்றிக் கொடுப்போம். பின்னால் நட்சத்திர ஹோட்டலுக்குப் போனபோதும், கடல் தாண்டிப் போனபோதும் நான் புதுப் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அவருடைய வாசற்படிப் பாடத்தைத்தான்.

அந்த லாட்ஜில் என்னோடு இருந்தவர்கள் பிற்பாடு எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தேன். ஒருவர் கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம், ஜமுக்காளம் வாடகைக்கு விட்டார். ஒருவர் டவுன்ஹால் ரோட்டில் டிராவல்ஸ் வைத்தார். ஒருவர் லாட்ஜுகளுக்கு விரிப்பு துவைத்துக் கொடுக்க ஆரம்பித்து, மிஷின் வாங்கி, தன்னிடம் ஆள் வைக்கிற அளவுக்கு வந்தார். ரூம் பாயாகச் சேர்ந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. பக்கவாட்டில் நகர்ந்தார்கள். மதுரை அதற்கு இடம் கொடுத்தது. கோயிலுக்கு வருகிற கூட்டம் ஒரு மாதம் குறைந்தாலும் ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஜவுளி, காலேஜ், மார்க்கெட் என்று ஊருக்கு வேறு பிழைப்புகள் உண்டு.

1997-இல் மாலத்தீவுக்குக் கிளம்பினேன். திருவனந்தபுரம் வரைக்கும் பஸ், அங்கே விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். வளைகுடா நாடுகளுக்குப் பத்தாவது தேறாதவர் வேலைக்குப் போவதென்றால் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். மாலத்தீவு அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியருக்குப் போய் இறங்கியதும் விசாவும் கொடுப்பார்கள். இந்த இரண்டு வசதியும் ஏஜென்ட்டுகளுக்குத்தான் அதிகம் பயன்பட்டன. "அங்க போனதும் பெர்மிட் போட்டுக் குடுத்துருவாய்ங்க" என்று டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடப்பட்ட பையன்களைத் தலைநகர் மாலேயின் ஜெட்டியில் பையும் கையுமாகப் பார்த்திருக்கிறேன். ஹோட்டல் வேலை என்று சொல்லிக் கட்டட வேலைக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயருக்குள் போய்விடும். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முழிக்கிறவர்கள்தான் அதிகம்.

மாலத்தீவில் முதல் ரிசார்ட் 1972-இல் குரும்பா என்ற தீவில் திறந்தது. அதற்கு முன்னால் மீன்தான் அவர்களுக்கு எல்லாம். இலங்கைச் சமையலில் போடுகிற மாசிக் கருவாடு அங்கிருந்து வந்ததுதான். அரை நூற்றாண்டில் ரிசார்ட்டுகள் 170-ஐத் தாண்டிவிட்டன. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தத் தீவில் வேறு வீடு, கடை, பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. கரன்ட்டுக்கு டீசல் ஜெனரேட்டர், தண்ணீருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட், அரிசி முதல் தக்காளி வரை படகில். விருந்தாளி நடக்கிற பாதை வேறு, மரங்களுக்குப் பின்னால் எங்களுக்கு விட்ட பாதை வேறு. 2022 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் ஜனத்தொகை 5.15 லட்சம். அதில் நான்கு பேருக்கு ஒருவர் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்.

சேர்ந்த வாரமே பயிற்சி. வில்லா ஒன்றுக்குப் பக்கம் பக்கமாகச் செக்லிஸ்ட். விரிப்பின் மூலையை உறை மடிப்பது போல மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்க வேண்டும். தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்கக்கூடாது. லாட்ஜில் எனக்குப் பழக்கமில்லாத எதிரி மணல். மேலே கூரையில்லாத குளியலறையைக் காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடி மணல். ஈர மாப்பை எடுத்தவுடன் இழுத்தால் மரத்தரையில் கோடு கோடாக விழும். முதலில் உலர்ந்த மாப், அதற்குப் பிறகு நன்றாகப் பிழிந்த மாப், உள் மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும். உப்புக் காற்றில் கீலும் தாழ்ப்பாளும் பூத்துக்கொண்டே இருக்கும். மினிபார் கதவின் ரப்பரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறதா என்று பெயின்ட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம். இதையெல்லாம் கவனித்து இன்ஜினியரிங் செக்ஷனுக்குச் சீட்டு எழுதத் தெரிந்தவனே நல்ல அட்டெண்டன்ட். சில வருடங்களில் புதியவர்களைப் பழக்குகிற வேலை எனக்கு வந்தது.

பழக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பயிற்சியின் எல்லை தெரிந்தது. ஒருவருக்கு மாதத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி என்று தலைமை ஆபீசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கு சரியாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது என்ன? விருந்தாளியைப் பார்த்து எப்படிச் சிரிப்பது, நெஞ்சில் எப்படிக் கை வைப்பது, புகார் வந்தால் என்ன சொல்வது. இதையே வருடா வருடம் புதுப் படங்களோடு ஓட்டுவோம். ஸ்டோர் கணக்கு, லாண்டரி கெமிக்கல் அளவு, ரோஸ்டர் போடுவது, பட்ஜெட் எழுதுவது இவற்றுக்கு ஒரு பையனை அனுப்புங்கள் என்று கேட்டால், "அவன அங்க போட்டா வில்லாவ யாரு பாக்குறது" என்று முடித்துவிடுவார்கள். யார் நன்றாக வேலை செய்கிறானோ அவன்தான் அதே இடத்தில் கிடப்பான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். ஒருவன் போய்விட்டால் பெர்மிட், மெடிக்கல், டிக்கெட் என்று அடுத்தவன் வந்து சேர ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆகவே இருக்கிறவன் இருக்கிற இடத்திலேயே இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். அவனைத் தவிர.

அப்படியும் மேலே போனவர்கள் உண்டு. அநேகமாக எல்லாரும் புது ரிசார்ட் திறக்கும்போது 'ப்ரீ-ஓப்பனிங்' டீமில் போனவர்கள். கட்டில் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே போய், சிமென்ட் தூசியில் படுத்து, பெட்ஷீட் எண்ணி, ஸ்டோர் ரூமுக்கு அலமாரி அடித்து, எல்லாத் துறையிலும் கை வைத்தவர்கள். அந்த நான்கைந்து மாதத்தில் கற்பதை, ஓடுகிற ரிசார்ட்டில் நான்கைந்து வருடம் இருந்தாலும் கற்க முடியாது. எனக்குச் சூப்பர்வைசர் பதவி வந்ததும் அப்படித்தான்.

உள்ளூர்ப் பையன்களின் பாடு வேறு. மாலேயில் 1987 முதலே ஹோட்டல் பள்ளி இருக்கிறது. ரிசார்ட்டுகளில் உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கீடும் உண்டு. ஆனாலும் ஜெனரல் மேனேஜர், செஃப் எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியர். நடு வரிசையில் இந்தியர், இலங்கைக்காரர். மண்ணைக் கிளறுகிற, மூட்டை இறக்குகிற வேலையில் பங்களாதேஷ்காரர். இந்த மூன்று அடுக்குக்கும் நடுவில் உள்ளூர்ப் பையன் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரவேற்பு மேஜையில் நிற்பான். என்னோடு தெற்குத் தீவுக்கூட்டத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஹோட்டல் பள்ளியில் படித்தவன், ஆங்கிலம் சுத்தமாகப் பேசுவான், ரஷ்யக்காரர்களையும் சமாளிப்பான். அசிஸ்டன்ட் மேனேஜர் பதவி இரண்டு தடவை காலியாகி இரண்டு தடவையும் வெளியாள் வந்தார். ரம்ஜானுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா ஒரே கேள்வி கேட்பாராம்: மதுவும் பன்றிக்கறியும் பரிமாறுகிற இடத்தில் இன்னும் எத்தனை நாள்? அவர்கள் குடியிருக்கும் தீவுகளில் மதுவுக்கு அனுமதி இல்லை, ரிசார்ட் தீவில் மட்டும் உண்டு. பெண் பிள்ளைகளை அங்கே தங்கி வேலை செய்ய அனுப்புகிற குடும்பங்கள் குறைவு. கடைசியில் அவன் வரவேற்பு மேஜையை விட்டுவிட்டுப் படகுக்குப் போனான். பவளப் பாறைகளுக்கு நடுவே ராத்திரியில் படகு ஓட்ட வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவர முடியாது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். கணக்கு சரிதான். சில வருடத்தில் கேப்டன் ஆகிவிட்டான். 2010-க்குப் பிறகு மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் திறக்க ஆரம்பித்ததும் சொந்தமாகப் படகு வாங்கிச் சவாரி விட்டான்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி சம்பளம் இல்லை, சர்வீஸ் சார்ஜ். பில்லில் பத்து சதவீதம் வாங்கி எல்லாருக்கும் பிரிப்பார்கள்; 2020-இல் சட்டத்தைத் திருத்தி அதைக் கட்டாயமாக்கினார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கை நிறையும். மே மாதம் மழை தொடங்கினால் பாதியாகும். பரவையில் வீடு கட்ட ஆரம்பித்தவன் ஜனவரிப் பணத்தை வைத்துக் கொத்தனாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஜூனில் விழிப்பான். விருந்தாளி வராவிட்டால் ஜூன் மாதமே வருடம் முழுக்க நீளும். 2004 சுனாமியில் அதைப் பார்த்தோம். 2024-லும் பார்த்தார்கள்: முந்தின வருடம் இந்தியாவிலிருந்து 2 லட்சத்துக்கு மேல் போனவர்கள், இரு நாட்டு மனஸ்தாபத்தில் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். சீனர்களும் ஐரோப்பியர்களும் வந்து அந்த வருடத்தைக் காப்பாற்றினார்கள்.

2020 கொரோனாவில் காப்பாற்ற யாரும் இல்லை. மார்ச் 27-ஆம் தேதி விசா கொடுப்பதை நிறுத்தினார்கள். இருந்த விருந்தாளிகள் ஒவ்வொரு படகாகக் கிளம்பினார்கள். அந்த வாரத்தில்தான் எங்கள் ஊர் நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா காலமான செய்தியும் வந்தது. ஊரில் ஊரடங்கு, நாங்கள் ஆளில்லாத தீவில் காலி வில்லாக்களின் கதவைத் திறந்து காற்றாட விட்டுக்கொண்டிருந்தோம். அடிப்படைச் சம்பளத்தில் பாதி, பிறகு அதுவும் இல்லை. ஜூன் 7-ஆம் தேதி கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா மாலேயிலிருந்து சுமார் 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. நானும் அதில் வந்தேன். கப்பலில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் ரூம் அட்டெண்டன்ட், வெயிட்டர், சமையல்காரர், கொத்தனார். விருதுநகர், சிவகங்கை, மதுரை என்று எல்லாம் நம் பக்கத்துப் பேச்சு.

எங்கள் ரிசார்ட்டிலிருந்து வராதவர்கள் யார் என்பதுதான் எனக்கு மனதில் தைத்தது. ஜெனரேட்டர் ஆபரேட்டர் வரவில்லை. கடல்நீர் பிளான்ட் பார்க்கிற பையன் வரவில்லை. ஏசி மெக்கானிக், பிளம்பர், படகு இன்ஜின் பார்க்கிறவர் வரவில்லை. விருந்தாளி இல்லாவிட்டாலும் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும், பிளான்ட்டை நிறுத்தினால் மெம்பரேன் கெட்டுவிடும், ஏசியை மூடிவைத்தால் வில்லா முழுக்கப் பூஞ்சை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த அந்தப் பையன்களுக்கு ஆங்கிலம் சரியாக வராது, நெஞ்சில் கை வைத்துச் சிரிக்கவும் தெரியாது. பயிற்சி ரெஜிஸ்டரில் அவர்கள் மணிக்கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும். ஜூலை 15-இல் நாட்டைத் திறந்தபோது அவர்கள் வேலையிலேயே இருந்தார்கள். 2019-இல் 17 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2020 முழுக்க வந்தவர்கள் 5.55 லட்சம்தான். எங்களில் பாதிப் பேருக்குத் திரும்ப அழைப்பு வரவில்லை.

ஊருக்கு வந்தபின் ராமேஸ்வரத்தில் சில ஹோட்டல்காரர்கள் ஆள் பழக்கிக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். இதுவும் தீவுதான், பாலம் இருப்பதால் நாம் மறந்துவிடுகிறோம். வருகிறவர் ஒரு ராத்திரி தங்குவார். விடியற்காலை அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், தனுஷ்கோடி, மத்தியானம் காலி. மாலத்தீவில் மணல் என்றால் இங்கே ஈரத் துணி. தீர்த்தமாடியவர்கள் சொட்டச் சொட்ட மாடி ஏறி, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்கள். மொட்டை மாடியில் கொடி கட்டி, படியேறும் இடத்தில் ஒரு மர பெஞ்சும் வாளியும் போடச் சொன்னேன். மெத்தைச் செலவு நன்றாகக் குறைந்ததாக முதலாளி சொன்னார். ரூம் வேலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், அசாம் பையன்கள். உள்ளூர்ப் பையன்கள் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருவார்கள், தடை முடிந்ததும் கடலுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் ஆட்டோ, சங்குக் கடை, தீர்த்தம் இறைப்பது.

"எங்க தாத்தா காலத்துல இங்க ரயில்வே இருந்துச்சு, கஸ்டம்ஸ் இருந்துச்சு, கப்பல் இருந்துச்சுண்ணே" என்றான் ஒரு பையன். உண்மைதான். 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியில் ரயில் நிலையமும் தபால் ஆபீசும் தலைமன்னார் கப்பல் ஏறும் பாலமும் இருந்தன. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கைச் சண்டையோடு நின்றது. ஒரு தீவில் பல விதமான பிழைப்பு இருந்தது, கோயிலும் கடலும் என்று இரண்டாகச் சுருங்கியது. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும் வரை ரயில் தீவுக்குள் வராமல் நின்றபோது, ஆட்டோக்காரர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அப்துல் கலாம் பெயரைச் சொல்லாத வீடு அங்கே இல்லை. அவரும் ஹைஸ்கூலுக்கு ராமநாதபுரம் போய்த்தான் படித்தார். பேய்க்கரும்பில் அவருக்கு 2017-இல் நினைவிடம் திறந்தார்கள். அதன் வாசலிலும் கார் நிறுத்தவும் தொப்பி விற்கவும்தான் அந்தப் பையன்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' திட்டத்தில் ஆறு வாரம், எட்டு வாரம் என்று இலவசமாகவே பழக்கினார்கள். திருச்சி துவாக்குடியில் அரசு ஹோட்டல் கல்லூரி இருக்கிறது. மதுரையைச் சுற்றித் தனியார் கேட்டரிங் இன்ஸ்டிட்யூட்டுகளுக்கும் குறைவில்லை. ஆறு வாரத்தில் தட்டு ஏந்தவும் படுக்கை விரிக்கவும் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். அதற்காக ஒரு வருடம், லட்ச ரூபாய் என்று செலவழிப்பது வீண் என்பது என் முடிவு. இன்ஸ்டிட்யூட்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

பையனுக்குத் தீவுக்குப் போகிற ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம். பணம் வரும், நாலு பாஷை காதில் விழும், ஒழுங்கு படியும். ஆனால் போவதற்கு முன் ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக்கோ எலெக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ முடித்துவிட்டுப் போகட்டும். அரசு ஐ.டி.ஐ.யில் அதற்கு ஆகிற செலவு மிகக் குறைவு. தீவு மூடினாலும் திண்டுக்கல் ரோட்டில் அந்தக் கைக்கு வேலை உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒர்க் பெர்மிட் யார் பெயரில், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சர்வீஸ் சார்ஜை அதில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்களா, திரும்பி வருகிற டிக்கெட் யார் செலவு என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் போகலாம் என்று ஏஜென்ட் சொன்னால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.